இரண்டு தடவை குடித்த கன்று

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சுகமா? குட்டிக்கு அந்த முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறதா? நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது.

மாடுகளும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் கன்றுகள் நிற்கவில்லை. இந்தப் பருவத்தில் மூன்று போய்விட்டன. பிறக்கும்போது துள்ளிக்கொண்டுதான் பிறக்கின்றன. ஒரு வாரம் ஆவதற்குள் கழிச்சல். ஒன்றுக்கு முழங்கால் பந்துபோல வீங்கி, எழுந்திருக்கவே முடியவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். “மருந்து கொடுத்துட்டே இருக்கலாம்மா. ஆனா மொதல்ல இதுங்க ஒடம்புல எதிர்ப்பு சக்தி ஏறியிருக்கான்னு பாக்கணும். ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்” என்றார். எந்த ஆய்வுக்கூடம் என்று கேட்டால் உன்னுடையதைத்தான் சொல்கிறார். “அங்க என் தம்பிதான் வேலை பாக்கறான்” என்றேன். “அப்ப சீக்கிரமா முடிவு வந்துடும்” என்றார். பாவம், அவருக்கு உன்னைத் தெரியாது.

பால் வண்டி ஓட்டுநரிடம் ஐஸ் பெட்டியில் ஆறு குழாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எல்லாம் இந்த வாரம் பிறந்தவை. ஒவ்வொன்றிலும் காது வில்லை எண் ஒட்டியிருக்கிறது. பதிலையும் அவரிடமே கொடு. போனில் வேண்டாம். போன் வந்தால் உன் அத்தான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார்.

நீ எப்படியும் கேட்பாய் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாடு கன்று போட்டதும் சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊற்றுவது ரேடியோவின் வேலை. உனக்கு அவளை நினைவிருக்கும், கறக்கிறபோதும் வாய் ஓயாதவள். அவள் பேச்சு நின்றால் மாடு திரும்பிப் பார்க்கும். கன்றுக்கு ஊட்டுவது உன் அத்தான். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் வெளியே போயிருந்தால் மட்டும் ரேடியோ ஊட்டுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

———

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். பல் விழுந்தது. விழுந்த பல்லை என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். நான் அதோடு வேலைக்குப் போய்விட்டேன்.

சீக்கிரம் முடிவு வராது என்று மறைமுகமாகச் சொன்னாய் அல்லவா, அதற்காகவே இரண்டு நாளில் முடித்தேன். ஓட்டுநர்தான் வரத் தாமதம்.

நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரத்தம் உறைந்ததும் மேலே தேன் நிறத்தில் ஒரு தெளிவு நிற்கும். அதில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் குழாயின் கண்ணாடியில் விடுவோம். உள்ளே ஓர் அளவுகோல் தெரியும். நிழல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அந்தத் தெளிவில் உள்ள புரதம். சீம்பால் ஒழுங்காக ஏறியிருந்தால் நிழல் ஆறை ஒட்டி நிற்கும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் அந்தக் கன்று வெறுங்கையோடு சண்டைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

உன் ஆறில் இரண்டு மிக நன்றாக இருக்கின்றன. ஒன்று சுமார். மூன்று ஐந்துக்குக் கீழே.

தாயின் எதிர்ப்பு சக்தி வயிற்றில் இருக்கும்போது கன்றுக்குப் போவதில்லை, அக்கா. சீம்பால் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கும் குடலின் கதவு முதல் சில மணி நேரம்தான் நன்றாகத் திறந்திருக்கும், மறுநாளைக்குள் சாத்திவிடும். அதற்குப் பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் வெறும் பாலாகத்தான் செரிக்கும்.

அதனால் எனக்கு இதற்கெல்லாம் பதில் வேண்டும். பிறந்து எவ்வளவு நேரத்தில் ஊட்டுகிறீர்கள்? ஒரு புட்டியில் எத்தனை லிட்டர்? மடியைக் கழுவிவிட்டுத்தான் கறக்கிறார்களா? சீம்பால் கெட்டியாக இருக்கிறதா? கெட்டியை அளக்கவும் இதே மாதிரி ஒரு குழாய் உண்டு. பழையது ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன், கீழே போடாதே. புட்டியின் ரப்பர் காம்பையும் பார். ஓட்டை அடைத்திருந்தால் கன்று சப்பிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் போகாது.

பரீட்சைக் கேள்வி போல இருக்கிறது என்று திட்டாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

———

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆசை. பல்லை என்ன செய்தாய்?

பரீட்சை எழுதிவிட்டேன். கன்று எழுந்து நிற்பதற்குள் புட்டி தயாராகிவிடும். நான்கு லிட்டர் கொடுக்கிறோம், குட்டைக் கன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மடியைக் கழுவாமல் கறந்தால் ரேடியோவே சண்டைக்கு வருவாள். நீ கொடுத்த குழாயில் எட்டு மாட்டின் சீம்பாலைப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் நீர்த்திருந்தது, அது முதல் ஈத்துக் கிடேரி. மற்றதெல்லாம் கெட்டி. ரப்பர் காம்புகளையும் மாற்றிவிட்டேன். பழையவற்றிலும் குறையொன்றும் தெரியவில்லை.

இதோடு இரண்டு குழாய் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே கொட்டகையில் பிறந்தவை. ஒன்று நெற்றியில் வெள்ளை, மற்றது முழுக் கறுப்பு. இரண்டின் தாயும் மூன்றாம் ஈத்து. பால் நல்ல பால். இரண்டுக்கும் ஊட்டிவிட்டதாக உன் அத்தான் சொல்கிறார்.

அவர் சுகமாகத்தான் இருக்கிறார். காலையில் செருப்பைத் தேடுவதும் மாலையில் கண்ணாடியைத் தேடுவதுமாகப் பொழுது போகிறது. இந்த வயதில் எல்லாரும் தேடுவதுதானே.

மழை வரும்போல் இருக்கிறது. வைக்கோலை மூட வேண்டும், நிறுத்துகிறேன்.

அக்கா

———

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. எங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு எந்த விலங்கு என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் இரண்டு குழாயையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்ணை மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று பக்கத்து இருக்கைக்காரரையும் பார்க்கச் சொன்னேன். மாறவில்லை. வெள்ளை நெற்றிக்கு நிழல் ஏழைத் தாண்டி நிற்கிறது. இவ்வளவு உயரத்தில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் அளவு ஏறும். ஆனால் அந்தக் கன்றுக்குக் கழிச்சல் இல்லை என்று சீட்டில் எழுதியிருக்கிறாய். கறுப்புக்கு ஒரு சொட்டுச் சீம்பால்கூட ஏறவில்லை.

எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இரண்டு புட்டியும் ஒரே கன்றின் வயிற்றுக்குப் போயிருக்கின்றன.

பாலில் குறையில்லை, புட்டியில் குறையில்லை. ஊட்டுகிறவரிடம்தான் குறை. அன்று அத்தான் வெளியே போய், ரேடியோ ஊட்டியிருப்பாள். ரேடியோவைக் கொஞ்சம் கண்டித்துக் கேள். பேச்சு மும்முரத்தில் எந்தக் கன்றுக்குக் கொடுத்தோம் என்பது எங்கே நினைவிருக்கப் போகிறது? கொடுக்காமலே கொடுத்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். அத்தான் எல்லாரையும் நம்பிவிடுவார். நீ நம்பாதே.

அந்த இரண்டுக்கும் ஊட்டியது யார் என்று திட்டமாக எழுது. கறுப்பைத் தனியே கட்டி வை, மற்றவற்றோடு சேர்க்காதே.

தம்பி

———

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மழையில் கொட்டகைக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தகடு மாற்றினோம். ஆள் கிடைக்கவில்லை. எனக்கு முதுகுவலி. இப்போது பரவாயில்லை. உன் வீட்டுக்காரிக்கு அந்த ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

புதுக் கறவை எந்திரம் வந்துவிட்டது. சத்தம் அதிகம். மாடுகளுக்குப் பழக நாளாகும்.

ரேடியோ இப்போது இங்கே இல்லை.

உன் கடிதம் வந்த அன்று நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் உறையைப் பிரித்துப் படித்துவிட்டார். கையில் கடிதத்தோடு கொட்டகைக்கு வந்து அவளைக் கூப்பிட்டார். பால் வண்டி ஓட்டுநரும் அப்போது அங்கேதான் நின்றார்.

“அன்னைக்கு ரெண்டு கன்னுக்கும் குடுக்கச் சொல்லி ஒங்கிட்டதானே புட்டியக் குடுத்தேன்? ஒண்ணுக்கே ரெண்டையும் குடுத்துட்டு, குடுத்தேன்னு பொய் சொல்லியிருக்கே!” என்றார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. நீயே நினைத்துப் பார், ரேடியோ பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, “நான் போயிட்டு வரேன்மா” என்று சொல்லிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை.

அவள் போன பிறகு பிறந்த மூன்றின் ரத்தம் இதோடு பெட்டியில் இருக்கிறது.

கறுப்பைத் தனியாகத்தான் கட்டியிருந்தேன்.

அக்கா

———

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரேடியோ போன பிறகு எல்லாம் சரியாகிவிட்டிருக்கும் என்று நினைத்துத்தான் குழாயைக் கையில் எடுத்தேன். மூன்றில் இரண்டு வெறும் வெறுமை. முன்பாவது ஆறுக்கு இரண்டு தேறின. ஒன்று மட்டும் நன்றாக இருக்கிறது.

அந்த ஒன்றுக்கு ஊட்டியது யார், அக்கா?

போன தடவையும் இதைத்தான் கேட்டேன். நீ கூரை, எந்திரம், தலைவலி எல்லாம் எழுதினாய். இதை எழுதவில்லை.

போன வருடம் நாங்கள் வந்திருந்தபோது அத்தான் என்னைக் கூட்டிப்போய் புதுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். குழாய் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எப்படித் தானாக நிற்கிறது என்று விளக்கினார். சாப்பிட்டு எழுந்ததும் “வா, ஒனக்கு ஒண்ணு காட்டணும்” என்று மறுபடியும் அதே தொட்டிக்குக் கூட்டிப்போனார். அதே வார்த்தைகள். புதுப் பொருள் வாங்கிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் உன் தம்பி மனைவியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. எனக்கு எழுது.

தம்பி

———

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகவும், நீ அதை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனதாகவும் ஓட்டுநர் சொன்னார். அதன் பிறகு அவர் வருகிறார், போகிறார். உன்னிடமிருந்து பெட்டியும் இல்லை, கடிதமும் இல்லை.

பதில் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒன்று மட்டும் செய். இனிப் பிறக்கிற கன்றுக்கு நீயே ஊட்டு.

ரேடியோவைப் பொய்க்காரி ஆக்கியது என் கடிதம். சொட்டைத்தான் நான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதிவிட்டேன். உன் தம்பி மனைவி படித்துவிட்டு, “அந்தம்மா மேல ஒங்க அத்தானுக்கே இல்லாத சந்தேகம் ஒங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

உடம்பு எப்படி இருக்கிறது?

தம்பி

———

ஏப்ரல் 14

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று அவர் தீவனம் வாங்கப் போயிருக்கிறார். கூட ஆளையும் அனுப்பியிருக்கிறேன்.

அந்த நல்ல கன்றுக்கு ஊட்டியது நான்.

அவருக்குப் போன வருடத்திலிருந்தே இப்படித்தான். முதலில் ஊர்ப் பெயர், ஆள் பெயர். நான் எடுத்துக் கொடுப்பேன். பிறகு ஒரே கேள்வியைக் காலையிலும் மாலையிலும் கேட்பார். இரண்டு தடவையும் பதில் சொல்வேன். நாற்பது மாட்டின் தாயையும் பாட்டியையும் இன்றைக்குக் கேட்டாலும் சொல்கிறார். அதனால் யாருக்கும் தெரியவில்லை. நானும் தெரியவிடவில்லை. இவ்வளவு கெட்டிக்காரரை இன்னொருவர் பாவம் என்று பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

அந்த இரண்டு கன்று பிறந்த அன்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நெற்றிக்கு ஊட்டினார். வாயைத் துடைத்துவிட்டார். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இரண்டாவது புட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வெள்ளை நெற்றியிடமே போனார். அது மாட்டேன் என்றது. “ஒண்ணுமே குடிக்காம எப்படிடா நிப்பே?” என்று கொஞ்சிக் கொஞ்சிப் புகட்டினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் கறுப்புக்கு நான் ஊட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. இரண்டு கன்றுக்கும் நடுவே வைக்கோலில் உட்கார்ந்துகொண்டார். நான் புட்டியோடு போனால் “இதுக்குக் குடுத்தாச்சே” என்பார். நான் “குடுக்கலை” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. பொழுது போய்விட்டது. கறுப்பு இரண்டு வாரம் இருந்தது. அது செத்ததை உனக்கு எழுதவில்லை.

இன்னும் ஒன்று. அன்று ரேடியோ வேலைக்கே வரவில்லை. அவளுடைய சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். சீம்பால் கறந்தது நான். அவர் அவளைத் திட்டியபோது, “நான் அன்னைக்கு இங்கயே இல்லையே ஐயா” என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. ஓட்டுநர் முன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று பார்த்தாள். நான் சொல்வேனா என்று என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர் வாளியைப் பார்த்தேன்.

அவள் போன பிறகு கன்றுகள் மோசமானதும்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. அதற்கு முன் தேறியவை எப்படித் தேறின? அவர் ஊட்டிவிட்டு வந்த பிறகு, வயிறு ஒட்டிய கன்றாகப் பார்த்து அவள்தான் மறைவாக ஊட்டியிருக்கிறாள். நான் மறைத்ததைத்தான் அவளும் மறைத்தாள். ஆனால் அவள் கன்றைக் காப்பாற்றிக்கொண்டே மறைத்திருக்கிறாள்.

இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.

அக்கா

———

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். வீட்டில் அவளும் படித்தாள். நீ தனியாக இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்க வேண்டாம். அதைப் பிறகு நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

மறதி எல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். சத்துக் குறைவால் வருவது உண்டு, சுரப்பிக் கோளாறால் வருவது உண்டு. அவற்றுக்கு மருந்து இருக்கிறது. இங்கே பெரிய மருத்துவமனையில் நரம்பு மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். மே மாதம் இரண்டாவது வாரம். இரண்டு பேரும் வந்து எங்களோடு தங்குங்கள். குட்டி இப்போதே தன் கட்டிலை அத்தானுக்கு ஒதுக்கிவிட்டாள்.

ஆனால் எதற்கு வருகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லாமல் கூட்டிவராதே. கஷ்டம்தான். அவருக்குத் தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டதில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

ரேடியோவிடம் நீ போ. நானும் தனியாக ஒரு கடிதம் எழுதி இதில் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் நீ.

தம்பி

———

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்தையும் விரும்பி எழுதுகிறேன். எனக்கு மூன்று நாளாகத்தான் சரியாகத் தூக்கம் வருகிறது.

முதலில் அவரிடம் சொன்னேன். கொட்டகையில் வைத்துத்தான் சொன்னேன், வீட்டுக்குள் என்றால் எழுந்து போய்விடுவார். நீ அனுப்பிய எண்களை எல்லாம் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததையும், அன்று ரேடியோ வேலைக்கே வரவில்லை என்பதையும் சொன்னேன். முதலில் கோபம் வந்தது. “நான் குடுக்காமலா? எத்தனை வருஷமா குடுக்கறேன், எங்கிட்டயேவா?” என்று கத்தினார். அப்புறம் வெள்ளை நெற்றியைப் பார்த்தார். அது இப்போது கொழுகொழு என்று வளர்ந்து நிற்கிறது.

“அப்ப செத்துப்போனதெல்லாம் என்னாலயா?” என்றார்.

“நம்ம ரெண்டு பேராலயும்” என்றேன். வேறு என்ன சொல்வது? அது பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் அவரே, “டாக்டருகிட்ட என்னைக்குப் போகணும்?” என்று கேட்டார். சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை, “காலையிலயே கேட்டீங்க” என்று சொன்னேன். மறைக்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை. “அப்படியா?” என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

பிறகு ரேடியோ வீட்டுக்குப் போனேன். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாளாம். அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அன்னைக்கு நான் வாயத் தெறந்திருக்கணும். தெறக்கலை. தப்பு என்னுது. என்னை மன்னிச்சுடு” என்றேன்.

அவள் சேலை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். “கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன்மா. ஐயா மேல இல்ல. அவருக்குத் தெரியாது. நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க பாருங்க, அதுதான்” என்றாள்.

உன் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, “எழுத்து நல்லாருக்கு” என்று மட்டும் சொல்லி மடித்து வைத்தாள்.

வருகிறேன் என்றாள். ஆனால் ஒளித்து ஊட்ட மாட்டாளாம், எல்லார் கண்முன்னாலும் ஊட்டுவாளாம். ஐயா கன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். “அவரு கைபட்டாத்தான் கன்னு அடங்கும். அது எனக்கு வராது” என்றாள். கிளம்பும்போது சலவைக் கடைக்காரரைப் பற்றி ஆரம்பித்தாள். வாசல்வரைக்கும் வந்து சொன்னாள், பிறகு தெருமுனைவரைக்கும் வந்தாள். காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

அடுத்த வாரம் பார்ப்போம்.

அக்கா

———

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி ஓட்டுநர் சொன்னார். நீங்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. குட்டி தினமும் அத்தான் எப்போது வருவார் என்று கேட்கிறாள். தாளில் மாடு வரையக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார் அல்லவா, சுவரிலும் மாடுதான்.

மருத்துவரை நேற்று மறுபடி பார்த்தேன். ரத்தப் பரிசோதனைகளில் குறை ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். படம் எடுத்ததையும் வைத்துப் பார்த்து, இது திரும்பி வருகிற வகை இல்லை என்கிறார். மாத்திரை வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். பழகிய இடம், பழகிய வேலை, பழகிய ஆட்கள், இவற்றிலிருந்து அவரைப் பிரிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். அது உங்களிடம் இருக்கிறது.

இதைப் போனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அத்தானிடம் நீயே சொல். அல்லது நான் வந்து சொல்கிறேன். அவரிடமிருந்து மறைக்க மட்டும் வேண்டாம்.

நீ அனுப்பிய ஐந்து குழாயும் பார்த்தேன். ஐந்தும் தேறிவிட்டன. ஒன்றுகூட ஆறுக்குக் கீழே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

மாத்திரை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

———

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மாத்திரை ஒத்துக்கொள்கிறது, பசி மட்டும் கொஞ்சம் குறைவு. மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன். “சரி” என்றார். பிறகு, “நான் ஒன்னைய மறந்துட்டா நீ கோவிச்சுக்கக் கூடாது” என்றார். கோபித்துக்கொள்வேன் என்றேன். சிரித்தார்.

போன கடிதத்துக்குப் பிறகு ஒரு கன்றும் சாகவில்லை. மாடு கன்று போட்டதும் மூன்று பேரும் கொட்டகைக்குப் போகிறோம். நான் கறக்கிறேன், அவர் கன்றின் தாடையைத் தாங்கிப் பிடிக்கிறார், ரேடியோ ஊட்டுகிறாள். ஊட்டி முடித்ததும் அவரே கன்றின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுகிறார். துணி இருந்தால் குடித்தாயிற்று என்று அர்த்தம். அந்த யோசனை அவருடையது.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. ரேடியோ திரும்பி வந்த அன்று அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “நீ அன்னைக்கு இங்க இல்லவே இல்ல. நான் ஒம்மேல அநியாயமாப் பழி போட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா” என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “வெச்சுக்கலைங்க ஐயா” என்றாள்.

அந்த வாரத்திலேயே இன்னொரு நாள் கொட்டகையில் அவள் எதிரே போய் நின்றார். துண்டைக் கையில் எடுத்தார். அதே வார்த்தைகள். முன்பு கேட்டது அவருக்கு நினைவில்லை. தப்பு மட்டும் எப்படியோ நினைவிருக்கிறது. நான் வைக்கோல் போரின் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ கறவை எந்திரத்தை நிறுத்தினாள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. “வெச்சுக்கலைங்க ஐயா” என்றாள், முதல் தடவை சொன்ன மாதிரியே.

நேற்று நாலாவது தடவை. அவர் போன பிறகு நான் கிட்டே போய், “ஏற்கெனவே கேட்டுட்டீங்கன்னு சொல்லிடேன். இப்பத்தான் நாங்க எதையும் மறைக்கறதில்லையே” என்றேன்.

“இதை மட்டும் விட்டுடுங்கம்மா. கேட்டதயும் மறந்துட்டோமேன்னு அதுக்கு வேற வருத்தப்படுவாரு. கேட்டு முடிச்சதும் எவ்வளவு லேசாப் போறாரு, பாருங்க” என்றாள்.

பார்த்தேன். கையை வீசிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி மேய்ச்சல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

ரேடியோ எந்திரத்தைப் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தமாக ஏதோ கதையும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் காதில் ஏறவில்லை. ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாலு தடவை கேட்டுவிட்டார். எல்லாம் நினைவிருக்கிற நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா